வரத்துக்கால் இல்லை என்று எழுதும் முன் பழைய வரைபடத்தை விரித்துப் பாருங்கள்

எங்கள் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், வருவாய், நில அளவை, நீர்வள அலுவலர்களுக்கும் கண்மாய்ப் பாசனதாரர்கள் சார்பில் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

"மனுதாரர் குறிப்பிடும் வரத்துக்கால்வாய் வருவாய் ஆவணங்களில் காணப்படவில்லை. எனவே மனு முடித்து வைக்கப்படுகிறது." எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வடமேற்கு வரத்துக்கால் மேல் கிராவல் கொட்டி மனை பிரிப்பதைத் தடுக்கச் சொல்லி நாங்கள் கொடுத்த மனுவுக்குக் கிடைத்த பதில் இந்த இரண்டு வரிதான். மனுவோடு வைத்த பழைய நிலவரைபட நகலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நேரில் போய்க் கேட்டோம். கணினியில் ஏறியிருக்கும் புலப்படத்தில், அதாவது நிலத்துண்டுகளின் அளவைப் படத்தில், உள்ளதைத்தான் பார்க்க முடியும், பழைய தாள்களை ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெளியே வரும்போது தாழ்வாரத்தில் பழைய வரைபடக் கட்டுகள் கயிறு போட்டு அடுக்கியிருந்தன. ஸ்கேன் செய்தது போக மீதமெல்லாம் கழிவுக்குப் போகிறது என்றார் அங்கிருந்த உதவியாளர்.

மனுவை முடித்து வைத்ததால் பாதிக்கப்படுவது ஒரு கண்மாய். அந்தக் கட்டுகள் கழிவுக்குப் போய்விட்டால், வட்டத்தில் உள்ள எந்தக் கண்மாயைப் பற்றியும் இனி யாரும் ஆதாரத்தோடு கேள்வி கேட்க முடியாது. அதனால்தான் இன்னொரு மனுவாக எழுதாமல், எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். பணி ஓய்வு பெறும் வரை மேல்நிலைப் பள்ளியில் புவியியல் நடத்தியவள் நான். இந்தக் கண்மாய்ப் பாசனத்தில் எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் நஞ்சை உண்டு. படித்த படிப்பும் பார்த்த விவசாயமும் இதைச் சும்மா விட என்னை அனுமதிக்கவில்லை.

நாங்கள் இணைத்த தாள் இந்திய நில அளவைத் துறை வெளியிட்டது. தரையில் ஒரு மைலைத் தாளில் ஓர் அங்குலமாக்கி வரைந்தது. வைகைக்குத் தெற்கே மதுரை தொடங்கி ராமநாதபுரம் வரையிலான நாடு 58 கே என்ற வரிசைக்குள் வருகிறது. அந்த வரிசையின் பதினாறு தாள்களில் ஒன்றில் எங்கள் ஊர் இருக்கிறது. அச்சானது 1920-களில். நில அளவையாளராக இருந்த ஒரு பெரியவர் வீட்டு டிரங்குப் பெட்டியில், துணி ஒட்டி மடித்த நிலையில் அது பத்திரமாக இருந்தது. மடிப்புக் கோடுகளில் மட்டும் மை உதிர்ந்திருக்கிறது.

அந்தத் தாளில் எங்கள் கண்மாய் எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். கரை, ஓரமெங்கும் சின்னச் சின்னக் கீறல் வைத்த கோடாக வளைந்து போகிறது. பக்கத்தில் 8 என்று ஒரு எண். தரையிலிருந்து கரை எத்தனை அடி உயரம் என்று சொல்லும் எண் அது. நீர்ப்பிடி வெளிர்நீலம். கரைக்குக் கிழக்கே புரவு, அதாவது கண்மாய்ப் பாசனம் பெறும் நிலம், முழுக்க மஞ்சள். மஞ்சள் என்றால் சாகுபடி நிலம். ஊர் சிவப்பில் சின்னச் சின்னக் கட்டங்களாக, கோயில் தனிக் குறியோடு. மேற்கே பனங்காடு. மேல்கண்மாயின் கலுங்கிலிருந்து, அதாவது நிறைந்த தண்ணீர் வழிந்து வெளியேறும் இடத்திலிருந்து, ஒரு கருப்புக்கோடு புறப்படுகிறது. பனங்காட்டுக்குத் தெற்காக வந்து, ஊருணியைத் தொடாமல் ஒதுங்கி, ஒரு முழங்கை போல் வளைந்து எங்கள் கண்மாய் உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் உட்பகுதியில், வந்து முடிகிறது. இல்லை என்று தங்கள் பதில் சொல்கிற வரத்துக்கால் இதுதான்.

அந்தக் கோடு வண்டிப்பாதையாக இருக்கலாமே என்று அலுவலர் ஒருவர் சந்தேகம் எழுப்பினார். நியாயமான கேள்வி. பதில் அந்தத் தாளின் அடிப்பகுதியிலேயே அச்சாகியிருக்கிறது. பாதைகளைச் சிவப்பில் போடுவார்கள்: வண்டித்தடத்துக்கு ஒரு வகைக் கோடு, ஒற்றையடிப் பாதைக்குப் புள்ளிக்கோடு. தண்ணீர் நிற்கும் இடம் நீலம். ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடந்து மழைக்கு மட்டும் ஓடும் ஓடையும் காலும் கருப்பு. எங்கள் பக்கத்து வரத்துக்கால் எதுவும் ஐப்பசி, கார்த்திகை தவிர வேறு மாதத்தில் ஓடுவதில்லை. அதைக் கருப்பில் வரைந்தவர் சரியாகத்தான் வரைந்திருக்கிறார். அதே தாளில் ஊரிலிருந்து மேல்கண்மாய்க்குப் போகும் பாதையும் சிவப்பில் தனியாக இருக்கிறது. அது ஓர் இடத்தில் இந்தக் கருப்புக்கோட்டைக் குறுக்கே கடக்கிறது.

கடக்கும் அந்த இடத்தைத்தான் தாங்கள் வந்து பார்க்க வேண்டும். பழைய வண்டிப்பாதை இன்று தார்ச்சாலை. அந்தச் சாலையில், இருபுறமும் மேட்டுக்காடாகத் தெரியும் இடத்தில், கருங்கல் கட்டிய ஒரு சிறு பாலம் இருக்கிறது. தண்ணீரே வராத இடத்தில் சாலை போட்டவர்கள் பாலம் கட்டியிருக்க மாட்டார்கள். பாலத்தின் மேல்புறம் இப்போது கிராவல் கொட்டி மேடாக்கியாகிவிட்டது. கீழ்புறம் சீமைக்கருவேல் அடைத்துக்கிடக்கிறது. கருவேலை விலக்கிக் குனிந்து பார்த்தால் பாலத்தின் அடியில் மணல் படிந்திருப்பது தெரியும். மேட்டுக்காட்டு மண் செம்மண். பாலத்தடியில் கிடப்பது ஓடைமணல்.

பழைய தாளை இன்றைய நிலத்தோடு பொருத்திப் பார்த்தது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன், மனம்போனபடி கோடு இழுத்தோம் என்று யாரும் நினைக்கக் கூடாது. அந்தக் காலத் தாள்கள் எவரெஸ்ட் என்ற பழைய புவிவடிவக் கணக்கின்மேல் வரைந்தவை. இன்று கைபேசியும் செயற்கைக்கோளும் காட்டும் இடம் வேறு கணக்கு. ஒன்றின் மேல் ஒன்றை அப்படியே வைத்தால் எல்லாம் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும். அதனால் அன்றும் இன்றும் இடம் மாறாதவற்றைப் பிடிக்க வேண்டும். 1902-இல் மண்டபம் வரை போட்ட ரயில்பாதையில் ஒரு வளைவு, கோயில், மேல்கண்மாய்க் கரையின் முனை, எங்கள் கரை திரும்பும் மூலை, பக்கத்து ஊர் ஊருணிப் படித்துறை ஆகியவற்றை எடுத்துக்கொண்டோம். கியூ.ஜி.ஐ.எஸ். என்ற இலவச மென்பொருளில் தாளை ஏற்றி, இந்தப் புள்ளிகளை இன்றைய படத்தின் புள்ளிகளோடு கட்டினான் என் பழைய மாணவன் ஒருவன். கட்டப் பயன்படுத்தாத வேறு இரண்டு இடங்களை வைத்துச் சரிபார்த்தோம். பிறகு மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடும் எங்கள் ஊர் நீர்பாய்ச்சியை முன்னால் விட்டு நடந்தோம். அவர் தாளைப் பார்க்கவில்லை. அவருடைய அப்பா காட்டிய தடத்தில் நடந்தார். கைபேசித் திரையில் அந்தக் கருப்புக்கோடும் அவர் நடையும் பெரும்பாலும் ஒட்டியே போயின. பனங்காடு இருந்த இடத்தில் மட்டும் இரண்டும் விலகின. அங்கே செங்கல் சூளைக்கு மண் எடுத்துக் கால் திசை மாறியதை அவரே சொன்னார்.

இன்னொரு சான்றும் வைத்தோம். அமெரிக்கா 1960 முதல் 1972 வரை கொரோனா என்ற உளவுச் செயற்கைக்கோள் வரிசையால் எடுத்த படங்களை 1995-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. எங்கள் பகுதிப் படத்தில் அதே முழங்கை வளைவு கருத்த கோடாகத் தெரிகிறது. 1920-களின் தாளில் இருந்தது, அறுபதுகளின் படத்திலும் இருக்கிறது, இன்று பாலமாகவும் மணலாகவும் நிலத்தில் கிடக்கிறது. தங்கள் அலுவலகத்துப் பதிவேட்டில் மட்டும் இல்லை. அப்படியானால் பதிவேட்டை அல்லவா விசாரிக்க வேண்டும்?

பதிவேட்டில் ஏன் விட்டுப்போனது என்பதை என்னால் ஓரளவு சொல்ல முடியும். எங்கள் சீமை ஜமீன் சீமை. உழவரிடம் அரசு நேரடியாக வரி வாங்கிய ரயத்துவாரி ஊர்களில், சென்னை மாகாணத்தில் அரசே புலம் புலமாக அளந்து வரைபடம் போட்டபோது, ஜமீன் ஊர்கள் பல அந்த அளவைக்கு வெளியே நின்றன. 1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்து, ஜமீன்கள் அரசின் கைக்கு மாறிய பிறகுதான் இங்கே முறையான அளவையும் நிலவரித் திட்டமும் நடந்தன. ஆகவே பல ஊர்களுக்கு, அதற்கு முந்தைய நிலையைக் காட்டும் ஒரே அளந்த படம் இந்த ஓர் அங்குலத் தாள்தான். இதைக் கழிவென்று ஒதுக்கினால் 1950-களுக்கு முந்தைய எங்கள் நிலத்துக்குச் சாட்சியே கிடையாது.

பிறகு வந்தது யூ.டி.ஆர். 1979 முதல் 1987 வரை நடந்த அந்தப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் எத்தனை பிழை நேர்ந்தது என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்றும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வரும் பட்டா மனுக்களில் அந்தச் சொல் அடிபடாத நாள் இல்லை. தனியார் நிலத்தில் பிழை நேர்ந்தால் உரிமையாளர் வந்து முறையிடுவார். வரத்துக்காலுக்கு உரிமையாளர் யார்? ஓடைப் புறம்போக்கு என்று இருந்த துண்டு பக்கத்துப் புலத்தோடு சேர்ந்துவிட்டால், மழை தவறாமல் பெய்து தண்ணீர் வராமல் போகும் வரை யாருக்கும் தெரியாது. கணினியில் ஏறியிருப்பது அந்தப் பிழையோடு கூடிய படம். கணினிக்குப் போனதால் பிழை சரியாகிவிடாது. யார் வேண்டுமானாலும் பதிவிறக்கி, "பாருங்கள், காலே இல்லை" என்று காட்டும் வசதி மட்டும் அதற்குக் கூடியிருக்கிறது.

இதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று. கிராம வரைபடம் ஊர் எல்லையோடு நின்றுவிடும். தண்ணீர் அப்படி நிற்பதில்லை. எங்கள் வரத்துக்கால் மூன்று வருவாய்க் கிராமங்களைக் கடந்து வருகிறது. மேல் கிராமத்தின் படத்தில் அது ஓடையாக இருக்கிறது. நடுக்கிராமத்தின் படத்தில் எல்லைக்கல்லோடு முடிந்துபோகிறது. எங்கள் கிராமப் படத்தில் உள்வாய்க்குப் பக்கத்தில் திடீரென்று ஒரு சிறு வாய்க்காலாக முளைக்கிறது. மூன்று படங்களையும் ஒரே மேசையில் பக்கம்பக்கமாக வைத்த அலுவலர் யாருமில்லை, அதற்கு அவர்களுக்கு அவசியமும் ஏற்படவில்லை. ஒவ்வொரு கிராம நிர்வாக அலுவலரும் தம் ஊர்ப் படத்தைப் பார்த்து எழுதியது தம்மளவில் சரி. இந்திய நில அளவைத் துறையின் தாளில் ஊர் எல்லை ஒரு பொருட்டே இல்லை. மேல்கண்மாயின் கலுங்கு முதல் எங்கள் மடை வரை ஒரே தாளில், ஒரே பார்வையில் இருக்கிறது. சங்கிலியாக அமைந்த கண்மாய்களைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல படம் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தச் சங்கிலி எப்படி வேலை செய்தது என்பது இந்தப் பகுதியில் விவசாயம் பார்த்த யாருக்கும் தெரியும். நிலம் மேற்கிலிருந்து கிழக்காக, கடலை நோக்கி மிக மெல்லச் சரிகிறது. மேல்கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக மறுகால் பாயும். அந்த மறுகால்தான் அடுத்த கண்மாய்க்கு வரத்து. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பேர் வாங்கிய ராஜசிங்கமங்கலம் கண்மாயும், வைகை போய்ச் சேரும் ராமநாதபுரம் பெரிய கண்மாயும் எல்லோருக்கும் தெரியும். அவற்றுக்கு இடையில் பேர் தெரியாத நூற்றுக்கணக்கான கண்மாய்கள் இப்படி ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கின்றன. தமிழகத்தில் ஏரி, கண்மாய்கள் ஏறத்தாழ 39,000 என்பது அரசு சொல்லும் கணக்கு. இந்தக் கணக்கில் கண்மாயை எண்ணுகிறார்கள், அவற்றை இணைக்கும் கால்களை எண்ணுவதில்லை. கண்மாய்க்குக் கரை இருக்கிறது, எல்லைக்கல் இருக்கிறது. நடுவில் உள்ள காலை வெட்டினால் கரையில் ஒரு பிடி மண் கூடக் குறையாமல் கண்மாய் செத்துப்போகும்.

எங்கள் ஊரில் நடந்தது அதுதான். பழைய தாள், எழுபதுகளில் வந்த 1:50,000 தாள், இன்றைய செயற்கைக்கோள் படம் மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் மாற்றம் புரிகிறது. முதல் தாளில் புரவு ஒரே மஞ்சள் பரப்பு, கிணறு அங்கொன்றும் இங்கொன்றுமாக. இரண்டாவதில் கிணற்றுப் புள்ளிகள் கூடியிருக்கின்றன, அதாவது கண்மாய்த் தண்ணீர் போதாமல் போக ஆரம்பித்திருக்கிறது. வைகை அணை 1959-இல் திறந்த பிறகு ஆற்றில் வரும் தண்ணீரின் காலமும் அளவும் மாறின, அதுவும் ஒரு காரணம். மூன்றாவதில் உள்வாய் முழுக்க சீமைக்கருவேல். பனங்காடு காணோம். இரண்டு ஊருணி மேடாகிவிட்டது. புரவில் பாதி தரிசு. வரத்துக்காலின் தடத்தில் வீட்டுமனைக் கற்கள். மழை குறைந்ததுதான் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. மழை பெய்யத்தான் செய்கிறது. வந்து சேரவேண்டிய தண்ணீருக்கு வழி இல்லை.

கடைசியாகப் பெருமழை பெய்த கார்த்திகையில் மேல்கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது. அந்தத் தண்ணீர் எங்களுக்கு வரவில்லை. கிராவல் மேட்டில் முட்டித் திரும்பி, பாலத்துக்கு மேற்கே உள்ள காலனியில் புகுந்தது. அடுப்பும் அரிசிப்பானையும் நனைந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கினார்கள். மோட்டார் வைத்துத் தண்ணீரைச் சாலைக்கு இறைத்தார்கள். அதே வாரம் எங்கள் கண்மாயில் கால்வாசித் தண்ணீர்கூட இல்லை. நெல் பால் பிடிக்கும் சமயத்தில் மடை திறக்க நீர் இல்லாமல் பயிர் காய்ந்தது. வெள்ள நிவாரணம் ஒரு பக்கம், வறட்சி நிவாரணம் ஒரு பக்கம், இரண்டும் ஒரே வருவாய்ப் பிரிவுக்குள். அந்தக் காலனி மக்களும் எங்களோடு இந்த மடலில் நிற்கிறார்கள். இதை எங்கள் நஞ்சைக்கான சண்டை என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தத் தாளால் முடியாததையும் நானே சொல்லிவிடுகிறேன். ஓர் அங்குலத் தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் சுமார் 63 மீட்டர். கால் எத்தனை அடி அகலம், எந்தப் புல எண்ணில் எத்தனை சென்ட் என்றெல்லாம் அதை வைத்துச் சொல்ல முடியாது. கோடு வரைந்த பேனாவின் தடிமனே காலின் அகலத்தைவிடப் பெரியது. ஆகவே இந்தத் தாளை வைத்து யாருடைய வீட்டையும் இடிக்கச் சொல்லவில்லை, யாருடைய பட்டாவையும் நாளைக்கே ரத்து செய்யச் சொல்லவில்லை. மனை வாங்கியவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய பணத்தில் வாங்கியவர்கள், ஏமாந்தவர்கள். நாங்கள் சொல்வது ஒன்றுதான். இங்கே ஒரு கால் ஓடியது, இங்கிருந்து தொடங்கி இங்கே முடிந்தது என்பதை இந்தத் தாள் ஐயமில்லாமல் காட்டுகிறது. அப்படிக் காட்டும்போது "ஆவணத்தில் இல்லை" என்று மூடிவிடாமல், அளவையாளரை அனுப்பி விசாரிக்க அது போதும்.

அந்தத் தாள்களை வரைந்தவர்கள் எங்களுக்காக வரையவில்லை என்பது எனக்குத் தெரியும். 1802-இல் சென்னை பரங்கிமலை அருகே லாம்டன் அடிக்கோடு அளந்ததிலிருந்து, கும்பினிக்கும் பின்னர் பேரரசுக்கும் நாட்டைப் பிடித்து ஆள வரைபடம் தேவைப்பட்டது. ஆனால் வெயிலில் சங்கிலி பிடித்தவர்களும், கொடி நட்டவர்களும், "இது மறுகால் போகிற தடம் சாமி" என்று காட்டிக் கொடுத்தவர்களும் எங்கள் ஊர்க்காரர்கள்தான். தாளில் அவர்கள் பேர் இல்லை. அவர்களுக்குத் தெரிந்தது அந்தக் கோடுகளில் இருக்கிறது. அதைத் தாழ்வாரத்தில் கயிறு கட்டி வைத்திருப்பதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்தை மறைக்க விரும்பவில்லை.

பார்க்கக் கிடைக்காதது இன்னொரு குறை. பிளஸ் டூ புவியியல் செய்முறையில் நிலவரைபடத் தாள் வாசிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். என் பணிக்காலம் முழுக்க, பிள்ளைகள் கண்ணால் பார்த்திராத வேறு மாநில மலைகளின் தாளை வைத்துத்தான் நடத்தினேன். கடற்கரையிலிருந்தும் நாட்டு எல்லையிலிருந்தும் சுமார் 80 கிலோமீட்டருக்குள் வரும் இடங்களின் தாள்கள் நெடுங்காலம் கட்டுப்பாட்டில் இருந்தன. எங்கள் ஊர் அதற்குள் வருகிறது. தன் ஊர்க் கண்மாயைத் தாளில் கண்டுபிடிக்கும் மாணவி எவ்வளவு ஆர்வமாகப் படிப்பாள் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். 2005-இல் தேசிய வரைபடக் கொள்கை வந்து, பொதுமக்களுக்கான திறந்த வரிசைத் தாள்களைப் பாதுகாப்புத் துறைக்கானவற்றிலிருந்து பிரித்தது. 2017-இல் 1:50,000 திறந்த வரிசைத் தாள்களை இணையத்தில் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2021 பிப்ரவரியில் வந்த வழிகாட்டு நெறிகள் கட்டுப்பாட்டை இன்னும் தளர்த்தின. நாடு முழுக்க வரைபடம் மக்களுக்குத் திறந்துகொண்டே வரும் காலம் இது. அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு 1950-களில் இந்தியாவுக்காகத் தயாரித்த 1:2,50,000 தாள்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அந்த அளவில் எங்கள் கண்மாய் ஒரு பொட்டு, கால் தெரியாது. தெரிகிற தாள் எங்கள் தாலுகாவிலேயே இருந்தும் பார்க்க முடியவில்லை.

சட்டம் தங்கள் பக்கம் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் நீர்நிலையை அளந்து வரைபடமும் பதிவேடும் தயாரிக்கச் சொல்கிறது. ஜக்பால் சிங் வழக்கில் 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஊர்ப் பொதுநிலங்களில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்றது. அந்த வழக்கே ஒரு ஊர்க்குளத்தைப் பற்றியதுதான். தடையாக நிற்பது துறைப் பிரிவினை. 40 ஹெக்டேருக்கு மேல் பாசனமுள்ள கண்மாய் நீர்வளத் துறைக்கு, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு. மேல்கண்மாய் ஒருவர் பொறுப்பு, எங்கள் கண்மாய் இன்னொருவர் பொறுப்பு, இடையில் உள்ள நிலம் வருவாய்த் துறையுடையது. ஒவ்வொரு அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் காட்டுகிறது. மூன்றையும் ஒரே மேசைக்கு அழைக்கும் அதிகாரம் மாவட்டத்தில் தங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல் தங்களுக்கு.

எங்கள் கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கிறோம்.

முடித்து வைத்த மனுவை மீண்டும் எடுத்து விசாரியுங்கள். விசாரணை முடியும் வரை பாலத்துக்கு மேற்கே மண் கொட்டுவதையும், அந்த இடத்துக்கான மனைப்பிரிவு அனுமதியையும் பத்திரப் பதிவையும் நிறுத்தி வையுங்கள். விசாரணை என்றால் அலுவலகத்தில் கணினித் திரையைப் பார்ப்பது அல்ல. வருவாய், நில அளவை, நீர்வளம், ஊராட்சி ஒன்றியம் நான்கு தரப்பும் சேர்ந்து, ஓர் அங்குலத் தாளையும் மூன்று கிராமங்களின் பழைய வரைபடங்களையும் கையில் வைத்துக்கொண்டு, மேல்கண்மாயின் கலுங்கு முதல் எங்கள் உள்வாய் வரை நடந்து பார்க்க வேண்டும். எங்கள் நகல் மேல் சந்தேகம் இருந்தால் இந்திய நில அளவைத் துறையிடம் அதே பதிப்பின் சான்றிட்ட நகலைக் கேட்டு வாங்குங்கள், அதற்கான கட்டணத்தைப் பாசனதாரர்கள் கட்டத் தயார்.

மாவட்டத்தில் எந்த அலுவலகத்திலும் பழைய வரைபடக் கட்டு எதையும் கழிவுக்கு அனுப்பக் கூடாது என்று உடனே எழுத்தில் உத்தரவிடுங்கள். இது மற்ற எல்லாவற்றையும்விட அவசரம். மனை அனுமதியைப் பிறகு ரத்து செய்யலாம், கூழான தாளைத் திரும்பப் பெற முடியாது. ஸ்கேன் செய்தவை உண்மையிலேயே முழுதாக, நிறத்தோடு, தெளிவாக இருக்கின்றனவா என்று யாராவது ஒருவர் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கருப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் சிவப்புப் பாதையும் கருப்பு ஓடையும் ஒன்றாகிவிடும், பிறகு அந்தப் படத்தால் பயனில்லை. ஒப்பிட்ட பின்பும் மூலத்தாளைக் காப்பகத்தில் வைக்க வேண்டும்.

வட்டத்தில் உள்ள எல்லாக் கண்மாய்ச் சங்கிலிகளுக்கும், ஊர் எல்லையில் நிற்காத வரத்துக்கால் வரைபடம் ஒன்று தயாரியுங்கள். பழைய தாளில் இருந்து இன்றைய புலப்படத்தில் இல்லாத ஒவ்வொரு காலையும் தனிப் பட்டியலாக்கி, களத்தில் பார்த்து, இருந்ததென்று தெரிந்தால் ஊரின் நில விவரப் பதிவேடான அ-பதிவேட்டில் ஓடைப் புறம்போக்காகத் திரும்பப் பதியுங்கள். மனை அனுமதி கேட்டு வரும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் இந்த வரைபடத்தோடு ஒப்பிட்ட பிறகே தடையின்மைச் சான்று கொடுங்கள். இதற்கு ஆள் போதாது என்று சொன்னால், எங்கள் பகுதியில் புவியியலும் சிவில் இன்ஜினியரிங்கும் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தாளை எப்படிப் பொருத்துவது என்று சொல்லிக்கொடுக்க நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம்.

அந்த வரைபடங்களை மாவட்ட இணையதளத்தில் போடுங்கள். ஒரு அச்சுப்படியை ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும், ஒரு படியை மேல்நிலைப் பள்ளிகளிலும் வையுங்கள். கிராமசபையில் விரித்துப் பார்க்கட்டும்.

கடைசியாக, இந்தக் கோரிக்கைகளில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் எழுத்தில் பதில் தாருங்கள். களத்துக்கு வரும் நாளை முன்கூட்டித் தெரிவித்தால் மூன்று ஊர்ப் பாசனதாரர்களும், காலனி மக்களும், நீர்பாய்ச்சியும் மேல்கண்மாய்க் கலுங்கில் தாளோடு காத்திருப்போம்.

இப்படிக்கு,
கண்மாய்ப் பாசனதாரர்கள் சார்பில்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை ஒருவர்